புழு இருந்தது, சரி. செத்தது எதனால்?

கரை ஒதுங்கிய ஓங்கிலின் (டால்பின்) வயிற்றில் புழு இருந்ததாம், அதனால்தான் செத்ததாம். இப்படி ஒரு வரியோடு முடிந்துபோகும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. புழு இருந்திருக்கும், சந்தேகமே இல்லை. கடலில் மீன் தின்று வளர்ந்த ஓங்கிலின் வயிற்றில் புழு இல்லாவிட்டால்தான் ஆச்சரியப்பட வேண்டும். ஆனால் அந்தப் புழுவுக்கும் அந்தச் சாவுக்கும் சம்பந்தம் உண்டா என்பது தனிக் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்காமலே எத்தனையோ உயிர்களை மணலில் புதைத்துவிடுகிறோம்.

நான் கால்நடை மருத்துவர். இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். மாடு, எருமை, செம்மறி, தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் வளர்க்கும் வெள்ளாடு, இவைதான் என் நோயாளிகள். இதற்கு முன் சில வருஷங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர் ஒன்றில் வேலை பார்த்தேன். டால்பினோ கடல்பசுவோ ஒதுங்கினால் வனத்துறையிலிருந்து போன் வரும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இவையெல்லாம் முதல் அட்டவணையில் இருப்பவை. செத்த பிறகும் வனத்துறையின் பொறுப்பு. பக்கத்து மருந்தகத்து டாக்டர் போய் போஸ்ட்மார்ட்டம் செய்ய வேண்டும், சான்றிதழ் எழுத வேண்டும், பிறகு அங்கேயே குழி தோண்டிப் புதைப்பார்கள். மாட்டுக்கும் கோழிக்கும் படித்துவிட்டு வந்த எனக்குக் கடற்கரையில் கத்தியோடு நிற்கும் வேலை இப்படித்தான் வந்து சேர்ந்தது.

இந்த மலையில் அதைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அதுக்கும் மாட்டுக்கும் என்னங்க டாக்டரம்மா சம்பந்தம்?" சம்பந்தம் வயிற்றிலேயே இருக்கிறது. ஓங்கிலுக்கும் மாட்டைப் போலவே பல அறைகள் கொண்ட வயிறு. முதல் அறை உணவுக்குழாயின் தொடர்ச்சியான ஒரு பெரிய தசைப்பை. அதில் சுரப்பிகள் கிடையாது. உட்சுவர் வெள்ளையாக, தடித்த தோல்போல இருக்கும். அடுத்தது பிரதான இரைப்பை. அமிலமும் செரிமான நொதியும் சுரப்பது அங்கேதான். உட்சுவர் மடிப்பு மடிப்பாகச் சிவந்து கிடக்கும். அதற்கப்புறம் ஒரு குறுகிய இணைப்புப் பாதை, பிறகு மூன்றாவதாகக் கீழ் இரைப்பை, அதைத் தாண்டியதும் குடலின் தொடக்கத்திலேயே ஒரு வீங்கிய பகுதி. முதன்முறை திறக்கிறவர்கள் இந்த வீக்கத்தையும் ஒரு வயிறு என்றே எண்ணிவிடுவார்கள்.

மாட்டின் முதல் வயிறு புல்லை நொதிக்க வைக்கும் தொட்டி. ஓங்கிலுக்குப் புல் இல்லை, பல்லால் மெல்லும் வழக்கமும் இல்லை. மீனை அப்படியே விழுங்குகிறது. அந்த மீனைப் பிசைந்து உடைப்பதுதான் முதல் அறையின் வேலை. பிரதான இரைப்பையின் அமிலமும் பின்னோக்கி வந்து அங்கே கலக்கும். வேலை மாறிவிட்டது, பை மட்டும் அப்படியே இருக்கிறது. ஏனென்றால் திமிங்கலங்களும் ஓங்கில்களும் இரட்டைக் குளம்புப் பிராணிகளின் வம்சம். இன்று உயிரோடிருப்பவற்றில் அவற்றுக்கு மிக நெருங்கிய சொந்தம் நீர்யானை. அதற்கும் வயிறு பல அறைதான், அதுவும் அசைபோடுவதில்லை. இந்தக் கதையின் ஒரு முக்கியமான சாட்சி நம் நாட்டில்தான் கிடைத்தது. ஜம்மு-காஷ்மீரின் காலாகோட்டில் புவியியலாளர் ஏ. ரங்கா ராவ் எடுத்த எலும்புகளிலிருந்து 1971-ல் பெயர் சூட்டப்பட்ட 'இந்தோஹையஸ்' என்ற பூனையளவுப் பிராணி அது. அவர் சேகரித்து வைத்திருந்த பாறைகளை அவர் காலத்துக்குப் பிறகு புதைபடிவ ஆய்வாளர் ஹான்ஸ் தேவிசன் உடைத்துப் பார்த்தபோது கிடைத்த காதெலும்பின் அமைப்பு, திமிங்கலங்களுக்கு மட்டுமே உரியது என்று அதுவரை நினைத்திருந்த அமைப்பு. 2007-ல் அதை வெளியிட்டார்கள். எங்கள் கல்லூரிப் பாடத்தில் இதெல்லாம் வரவில்லை. கடற்கரையில் கை அளைந்த பிறகு தேடிப் படித்தேன். படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இப்போது புழுவுக்கு வருகிறேன்.

முதல் அறையைக் கத்தரிக்கோலால் நீளவாட்டில் திறந்ததும் பெரும்பாலும் கண்ணில் படுவது அனிசாக்கிஸ் என்ற உருளைப்புழு. வெள்ளையாக, சில அங்குல நீளத்தில், கொத்துக் கொத்தாக இருக்கும். சில சும்மா உணவோடு புரண்டுகொண்டிருக்கும். சில கொத்துகளோ நாற்றங்காலில் ஊன்றிய நாற்றுபோல, தலையைச் சுவருக்குள் புதைத்து வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கொத்தை மெல்லப் பிடுங்கினால் அடியில் ஒரு குழி தெரியும். அதுதான் புண். பழைய புண்ணாக இருந்தால் ஓரம் தடித்து மேடாகி, தொட்டால் நாரைப்போல இறுகியிருக்கும். வட கடல்களில் இருப்பது அனிசாக்கிஸ் சிம்ப்ளெக்ஸ். நம்மைப் போன்ற வெப்பக் கடல்களில் அனிசாக்கிஸ் டிப்பிக்கா என்ற அதன் உறவு.

இதன் பயணத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஓங்கிலின் வயிற்றில் வளர்ந்த புழு இடும் முட்டை கழிவோடு கடலில் விழுகிறது. அதிலிருந்து வரும் குஞ்சுப்புழுவைக் கூனிப்பொடி போன்ற சின்ன உயிர்கள் விழுங்குகின்றன. அவற்றை மீனும் கணவாயும் தின்ன, புழு அவற்றின் உடம்பில் வட்டமாகச் சுருண்டு படுத்துக் காத்திருக்கும். அந்த மீனை ஓங்கில் தின்னும்போதுதான் புழு வயசுக்கு வருகிறது. ஆக, அனிசாக்கிஸுக்கு ஓங்கிலின் வயிறு பிறந்த வீடும் புகுந்த வீடும். அந்த வீட்டை இடித்தால் புழுவுக்குப் பிழைப்பு இல்லை. பால் குடிக்கும் குட்டியின் வயிற்றில் இந்தப் புழு இருக்காது. மீன் தின்னத் தொடங்கியதும் சேரத் தொடங்கும்.

இங்கேதான் எங்களைப் போன்ற மலைநாட்டு டாக்டர்களுக்குத் தடுமாற்றம் வரும். எங்களுக்குப் பழகிய வயிற்றுப் புழு வேறு ஜாதி. மழைக்காலம் தொடங்கி ஈரம் காயாத மாதங்களில் நீலகிரியில் செம்மறி வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் அதைத் தெரியும், பெயர் தெரியாவிட்டாலும். "தாடைக்குக் கீழே தொங்குதுங்க, புல்லு கடிக்க மாட்டேங்குது" என்று ஆட்டைக் கொண்டுவருவார்கள். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் சிவப்பு இருக்காது, வெளிறிப்போயிருக்கும். அது ஹிமாங்கஸ். ஆட்டின் நான்காம் வயிற்றில் குடியிருந்து ரத்தம் குடிக்கும் புழு. ஒரு புழு ஒரு நாளைக்குக் குடிப்பது 0.05 மில்லிதான். ஆனால் 2,000 புழு இருந்தால் நாளொன்றுக்கு 100 மில்லி ரத்தம் போகிறது. ஒரு செம்மறி எத்தனை நாள் தாங்கும்? ஒரு பெண் புழு தினமும் ஆயிரக்கணக்கில் முட்டை இடுகிறது. பனிக்காலத்தில் கொஞ்சம் அடங்கும், மழை வந்ததும் மேய்ச்சல் நிலமெல்லாம் மறுபடி அதன் குஞ்சுகள்தான். சாண்டிநல்லாவில் செம்மறிக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இந்த மலையில் இருப்பதும், அங்கே இந்தப் புழுவைப் பற்றித் தொடர்ந்து ஆராய்வதும் காரணமில்லாமல் இல்லை.

அந்தப் புழு கொல்லும். செத்த ஆட்டின் நான்காம் வயிற்றைத் திறந்து, சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய அந்தப் புழுக்கள் நெளிவதைப் பார்த்தால், வெளிறிய உடம்பையும் சேர்த்துவைத்துக் காரணத்தை எழுதிவிடலாம். இந்தப் பழக்கத்தோடு கடற்கரைக்குப் போனால் ஓங்கிலுக்கும் அதையே எழுதத் தோன்றும். வயிறு அதே வயிறு மாதிரி இருக்கிறது, புழுவும் இருக்கிறது. ஆனால் அனிசாக்கிஸ் ரத்தம் குடித்துக் கொல்லும் புழு அல்ல.

என்னிடம் சில மாதங்கள் பழகிவிட்டு இப்போது கடலோரத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஒரு தம்பி அண்மையில் வாட்ஸாப்பில் படம் அனுப்பியிருந்தான். "அக்கா, வயிறு பூரா புழு. இதையே எழுதிரட்டுமா?" நான் திருப்பிக் கேட்டது: "வயித்துல மீன் இருந்துச்சா?" இருந்ததாம். முழு முழு சாளை, செதில்கூட உதிராமல். "நுரையீரல்?" நுரை தள்ளியிருந்ததாம். துடுப்பின் ஓரத்தில், வாய் ஓரத்தில் மெல்லிய கோடு கோடாக வெட்டு இருக்கிறதா பார் என்றேன். இருந்தது. புழுவோடு நன்றாகத் தின்று திரிந்துகொண்டிருந்த உயிர் அது. வலையில் சிக்கி, மேலே வந்து மூச்சு எடுக்க முடியாமல் செத்திருக்கிறது.

இதைத்தான் நான் சொல்ல வருகிறேன். பிரிட்டனில் 1990 முதல் கரை ஒதுங்கும் போர்பாய்ஸ்களையும் (ஓங்கிலுக்கு நெருங்கிய சொந்தமான சின்னக் கடற்பிராணி) டால்பின்களையும் முறையாக அறுத்துப் பார்த்துப் பதிவு செய்கிறார்கள். அந்த வடகடல் போர்பாய்ஸ்களில், வலையில் சிக்கிச் செத்த, கொழுத்த, ஆரோக்கியமான உடம்புகளிலும் வயிற்றில் இதே அனிசாக்கிஸ், இதே புண்கள் உண்டு. நோயில் மெலிந்து செத்தவற்றிலும் உண்டு. இரண்டிலும் இருப்பதை ஒன்றுக்கு மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. மெலிந்த உடம்பில் புழு அதிகம் இருந்தாலும், புழு வந்ததால் மெலிந்ததா, வேறு நோயில் மெலிந்ததால் புழு பெருகியதா என்று பார்க்க வேண்டும். பல நேரம் இரண்டாவதுதான்.

புழுவின் புண்ணே சாவுக்குக் காரணம் ஆவதும் உண்டு, அதை மறைக்கவில்லை. புண் ஆழமாகிச் சுவரைத் துளைத்துவிட்டால் வயிற்றில் இருப்பதெல்லாம் வெளியே கசிந்து, வயிற்றறை முழுக்கச் சீழ் பிடிக்கும். பெரிய ரத்தக்குழாய் அறுபட்டால் உள்ளேயே ரத்தம் போகும். ஆனால் அப்படி நடந்திருந்தால் அதன் தடயம் அங்கேயே இருக்கும்: சீழ், உறைந்த ரத்தம், ஒன்றோடொன்று ஒட்டிப்போன சவ்வுகள். அவை எதுவும் இல்லாமல் வெறும் குழி மட்டும் இருந்தால், அந்தப் புண்ணோடு அது வாழ்ந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இன்னொரு பொல்லாத விஷயம் வெயில். நம் கரையில் காலை ஆறு மணிக்குப் பார்த்த உடம்பு பத்து மணிக்கு வேறு உடம்பு. தோலுக்கடியில் தடித்த கொழுப்பு இருப்பதால் உள்ளிருக்கும் சூடு வெளியேறாமல் அப்படியே நிற்கும். உள்ளுறுப்புகள் வெந்ததுபோல் ஆகிவிடும். முதலில் கெடுவது வயிற்றின் உட்சுவர்தான், தன் அமிலத்திலேயே தான் கரையும். திட்டுத் திட்டாக உரிந்த அந்த இடங்களைப் பார்த்துப் 'புண்' என்று எழுதினால் அது பொய். உயிரோடிருந்தபோது வந்த புண்ணுக்கு ஓரம் தடித்திருக்கும், சுற்றிலும் சிவந்திருக்கும். செத்தபின் உரிந்ததற்கு ஓரமே இருக்காது. விரலை வைத்துத் தடவிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

வயிற்றில் புழுவைத் தவிர என்ன இருக்கிறது என்பதையும் விடக்கூடாது. மீன் கரைந்தாலும் அதன் காதுக்கல் கரைய நேரமாகும். அரிசி மணியளவிலும் அதைவிடச் சிறிதாகவும் வெள்ளைக் கற்களாக அடியில் கிடக்கும். அதன் வடிவத்தை வைத்து எந்த மீன், எவ்வளவு பெரிய மீன் என்று சொல்லிவிடலாம். கணவாயின் அலகு கரையவே கரையாது. வலைத்துண்டு, பிளாஸ்டிக் இருந்தால் அதையும் எழுத வேண்டும், ஆனால் அதையும் உடனே காரணமாக்கிவிடக் கூடாது. அடைத்திருந்ததா, சும்மா கிடந்ததா என்று பார்க்க வேண்டும். ஒன்றுமே இல்லாமல் வயிறு காலியாக, பித்தம் மட்டும் கிடந்தால், அந்த உயிர் பல நாள் பட்டினி. மூச்சுத்துளைக்குப் பின்னால் பிடரியில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று அப்போது பாருங்கள். ஆரோக்கியமான ஓங்கிலுக்குக் கழுத்தே தெரியாது.

பிரதான இரைப்பையிலும் கீழ் இரைப்பையிலும் சுவருக்குள் கெட்டியான முண்டுகள் தட்டுப்படலாம். அறுத்தால் உள்ளே பழுப்பான கூழும் மிகச்சிறிய தட்டைப்புழுக்களும் இருக்கும். ஃபோலிட்டர் காஸ்ட்ரோஃபிலஸ் என்று பெயர். உடம்பு அதைச் சுற்றி நார்ச்சுவர் எழுப்பிச் சிறைவைத்திருக்கும். முட்டை வெளியேற ஒரு நுண்துளை மட்டும் வயிற்றுக்குள் திறந்திருக்கும். பார்க்கக் கட்டிபோலப் பயமாக இருக்கும். பெரும்பாலும் அந்த உயிருக்கு அது பெரிய தொல்லை தந்திருக்காது, பாதையை அடைக்கிற அளவுக்கு வளர்ந்தாலொழிய.

புழுவே இல்லாமல் புண் இருப்பதும் உண்டு. மனிதர்களுக்கு இரைப்பைப் புண் தரும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைக் கண்டுசொன்ன பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதே குடும்பத்துக் கிருமி ஒன்று, கரை ஒதுங்கிய அட்லாண்டிக் டால்பின்களின் வயிற்றுப் புண்ணிலிருந்து எடுக்கப்பட்டு, ஹெலிகோபாக்டர் சீட்டோரம் என்று 2002-ல் பெயர் வைக்கப்பட்டது. இந்தச் செய்தி எனக்கு மிகவும் பிடித்தமானது. அதுவரை புழுவின் தலையில் போட்ட பழியில் ஒரு பங்காவது இந்தக் கிருமியுடையதாக இருக்கலாம்.

வயிற்றைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு ஒன்றை உரக்கச் சொல்ல வேண்டும்: வயிற்றோடு நிறுத்திவிடாதீர்கள். ஓங்கிலைக் கரைக்குத் தள்ளும் புழுக்கள் பெரும்பாலும் வயிற்றில் இல்லை. நுரையீரலின் காற்றுக்குழாய்களை அடைக்கும் ஹாலோசெர்கஸ், சூடாலியஸ் போன்ற நூல்புழுக்கள் நிமோனியாவில் கொண்டுவிடும். ஹாலோசெர்கஸ் தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு வந்துவிடுவதையும் கண்டிருக்கிறார்கள். நாசிட்ரீமா என்ற தட்டைப்புழு தலையின் காற்றறைகளில் இருப்பது. அது வழி தவறி மூளைக்குள் போய் முட்டையிட்டு, மூளைத் திசுவே செத்துப்போய், திசை தெரியாமல் கரையேறிய டால்பின்களைக் கலிபோர்னியாவில் பதிவு செய்திருக்கிறார்கள். நம் கடலில் இருக்கும் ஒரே போர்பாய்ஸ், முதுகுத்துடுப்பு இல்லாத அந்தச் சாம்பல்நிறச் சின்ன உயிர். அதன் இனத்திலும் கிழக்காசியக் கடல்களில் நாசிட்ரீமா இருக்கிறது. காதுப் பகுதியில் ஸ்டெனூரஸ் என்ற உருளைப்புழு கொத்துக் கொத்தாக இருக்கும். ஒலியை வைத்தே வழியும் இரையும் தேடும் பிராணிக்குக் காது எவ்வளவு முக்கியம்! தலையைத் திறக்க ரம்பம் வேண்டும், நேரம் வேண்டும், உதவிக்கு ஆள் வேண்டும். கூட்டம் கூடி, நாற்றம் தாங்காமல் "சீக்கிரம் புதைங்க" என்று குரல் வரும்போது அது சுலபமில்லை. ஆனாலும் செய்ய வேண்டும்.

சில சமயம் எந்த உறுப்பும் பதில் தராது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்தில் மணப்பாடு பக்கத்துக் கரையில் 80-க்கும் மேற்பட்ட குட்டைத்துடுப்புப் பைலட் திமிங்கலங்கள் ஏறின. மீனவர்கள் கடலுக்குள் இழுத்து விட்டவற்றிலும் பல திரும்ப வந்தன. 1973-லும் அதே கடலோரத்தில் இப்படி நடந்திருக்கிறது. கூட்டத்தை விட்டுப் பிரியாத இனம் அது. ஒன்று தடுமாறினால் மற்றவையும் பின்னால் வரும். அத்தனை உடம்புகளின் வயிற்றிலும் புழு இருந்திருக்கலாம், அதனால் ஒரு கூட்டமே கரையேறியது என்று சொல்ல முடியுமா?

மேட்டுப்பாளையம் வழியாக மலையேறி வரும் மீனைக் கோத்தகிரியில் வாங்கும் அக்காமார்களுக்கும் ஒரு வார்த்தை. மீனின் குடல் பக்கத்தில் வெள்ளையாகச் சுருண்ட புழு இருந்தால் அது இந்த அனிசாக்கிஸின் இளம்புழுவாக இருக்கலாம். ஐஸ் பெட்டியின் குளிரில் அது சாகாது. மைனஸ் 20 டிகிரியில் முழுசாக ஒரு நாள் உறைய வேண்டும், அல்லது நடுச்சதை வரை 60 டிகிரிக்கு மேல் வேக வேண்டும். நம் குழம்பு கொதிக்கிற கொதிக்கு அது தாங்காது. பச்சையாகத் தின்னும் ஜப்பான், ஹெர்ரிங் மீனை லேசாக உப்பிட்டுத் தின்ற நெதர்லாந்து போன்ற நாடுகளில்தான் மனிதர்களின் வயிற்றை இது அதிகம் கடித்தது. ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் வெந்த மீனிலும் கவனமாக இருக்க வேண்டும். மற்றவர்கள் குடலை எடுத்துவிட்டு, நன்றாகக் கழுவி, தைரியமாகச் சமைக்கலாம்.

கடைசியாக, கடலோரத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு. முதலில் கையுறை, முகக்கவசம். மாட்டுக்கு வரும் புருசெல்லாவின் உறவுக்கிருமி ஓங்கிலிலும் உண்டு. ஒவ்வொரு வயிற்றறையையும் இரண்டு பக்கமும் நூலால் கட்டித் தனித்தனியாக எடுங்கள், இல்லாவிட்டால் எந்தப் புழு எந்த அறையில் இருந்தது என்பது கலந்துவிடும். புழுக்களை உப்புக்கரைசலில் அலசி 70 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். பார்மலினில் போட்டால் பிறகு மரபணு பார்க்க முடியாமல் போகும். புண்ணிலிருந்து புழுவைப் பிடுங்காமல், சுவரோடு சேர்த்து ஒரு துண்டு வெட்டி அதை மட்டும் 10 சதவீத பார்மலினில் வையுங்கள். தலை எவ்வளவு ஆழத்தில் இறங்கியிருக்கிறது என்பது மைக்ரோஸ்கோப்பில் அப்போதுதான் தெரியும். மீன் காதுக்கல்லைப் பார்மலினில் போடவே கூடாது, கரைந்துவிடும். உலர்த்திக் காகித உறையில் வையுங்கள். சீட்டில் தேதி, இடம், அறை மூன்றையும் பென்சிலால் எழுதி பாட்டிலுக்கு உள்ளேயே போடுங்கள். ஆல்கஹால் பட்டால் பேனா மை நிற்காது.